நான் வாபஸ் வாங்கிய நட்சத்திரம்

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'லித்தியம் நட்சத்திர ஆராய்ச்சியின் முன்னோடி' என்று அச்சடித்திருக்கிறீர்கள். யார் எழுதியது என்று காலையிலிருந்து விசாரிக்கிறேன், ஒருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். போகட்டும். காதைத் திருகும் வயது எனக்கும் தாண்டிவிட்டது. ஆனால் அந்த வரியைப் பார்த்ததும் என் முகம் சுண்டிப்போனது. அந்தத் துறையில் என் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் ஓர் அடிக்குறிப்பில். அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்பதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நாங்கள் பணியில் சேர்ந்த புதிதிலும் இப்படித்தான் ஓய்வு பெற்றவர்களை அழைத்துப் பேச வைப்பார்கள். ஒவ்வொருவரும் ஜெயித்த கதையாகவே சொல்வார்கள். கேட்டுவிட்டு எழுந்து போகும்போது எங்களுக்கு மிச்சம் இருந்தது பக்கோடாவின் ருசி மட்டும். உங்களுக்கு அந்தக் கதி வேண்டாம். பக்கோடாவும் இன்றைக்கு ஆறிப்போய்த்தான் இருக்கிறது.

இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் பின்வரிசையில் கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நட்சத்திரம் பிறக்கும்போது அதன் மேல்தோலில் கொஞ்சம் லித்தியம் இருக்கும். அதற்கு வயதாகி, ஊதிப் பெருத்து, சிவந்து, ராட்சத நட்சத்திரம் ஆகும்போது மேலே இருக்கும் சரக்கெல்லாம் அடியில் உள்ள சூட்டுக்குள் இழுபடும். லித்தியம் அந்தச் சூட்டைத் தாங்காது, எரிந்துவிடும். ஆகவே கிழட்டு ராட்சதனிடம் லித்தியம் இருக்கவே கூடாது. ஆனால் அபூர்வமாகச் சில ராட்சதர்களிடம் அது ஏராளமாக இருக்கிறது. எழுபது வயதுத் தாத்தா வாயைத் திறந்தால் பால் பல் வரிசையாகத் தெரிவது மாதிரி. எங்கிருந்து வந்தது, எப்படி மிஞ்சியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட நட்சத்திரங்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் தெரிந்திருந்தன.

அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. நட்சத்திரத்தின் ஒளியை வானவில்லாகப் பிரித்துப் படம் எடுத்தால், சிவப்புப் பகுதியில் ஓர் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு லித்தியம்.

அப்போது கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி, எங்களுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கி நிலையம் இருந்தது. இப்போது இல்லை, மூடிவிட்டார்கள். எனக்குச் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கரும்பு போட்டுக்கொண்டிருந்தார். வூட்டிலிருந்து கச்சிராயப்பாளையம் வந்து, அங்கிருந்து எங்கள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறிவிட்டால் வேலைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படிச் சொந்த மண்ணிலேயே வானத்தைப் பார்க்கும் வேலை கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

நிலையத்தின் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பொறு சார்'. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால் பொறு என்பார். சம்பளம் வரவில்லையா, பொறு. ஒரு முறை என் கட்டுரையில் ஒரு வாக்கியம் சரியில்லை என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்க வைத்தார். மனிதர் சோம்பேறி என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன். சம்பளம் வாங்கும் எருமை என்று ஒரு தடவை சமையற்கட்டில் சொல்லியும் இருக்கிறேன்.

என் மேசைக்கு எதிர் மேசையில் சென்னைக்காரர் ஒருவர், என் வயதுதான். நல்ல நண்பர். பேர் வேண்டாம், இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் சூடு பிடித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் மத்தியானம் பேப்பரை மடித்து வைத்தபடி அவர் சொன்னார்: "மார்க் இல்லாதவனுக்கெல்லாம் சீட்டு குடுத்தா, நாளைக்கு இவங்க கட்டற பாலம்லாம் இடிஞ்சு விழும்."

நான் தலையைத் தூக்கினேன். அவர் உடனே, "உன்னைச் சொல்லலப்பா" என்றார்.

என்னைச் சொல்லவில்லைதான். நான் இந்த வேலைக்குப் பொதுப் பிரிவில் தேர்வாகி வந்தவன். ஆனால் கல்லூரியில் எனக்குச் சீட்டு கிடைத்தது பிற்பட்டோர் பட்டியலில். அந்தப் பட்டியல் இல்லையென்றால் நான் இன்றைக்குக் கரும்பு வெட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரு பாலம் நின்றுவிட்டது. எதைச் செய்தாலும் அது இடிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே செய்வேன்.

அந்த நேரத்தில்தான் என் மூன்று நட்சத்திரங்கள் வந்தன. மூன்றும் ராட்சதர்கள், மூன்றிலும் லித்தியம் கோடு. முதல் இரண்டில் சுமாராக, மூன்றாவதில் நல்ல ஆழமாக. சுருக்கமான அறிவிப்பு உடனே வெளியானது, முழுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் அச்சுக்குப் போயிருந்தது. தமிழ்ப் பேப்பர் ஒன்றிலும் செய்தி வந்தது. விவசாயி மகன் மூன்று நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தான் என்று போட்டுவிட்டார்கள். நட்சத்திரங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன, நான் அவற்றில் லித்தியத்தை மட்டும்தான் பார்த்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கள்ளக்குறிச்சியில் மைக்செட் ஏழுமலை என்று ஒருவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்ட வேண்டும். அவர் எங்கள் வூடு தேடி வந்து எனக்கு ஒரு சாமந்தி மாலை போட்டார்.

"தம்பி, இன்னா கண்டுபிடிச்சன்னு எனக்குப் புரியலடா. ஆனா எவன் கண்ணுக்கும் தெரியாதது உன் கண்ணுக்குத் தெரிஞ்சிக்கிது பாரு. அது போதும் எனக்கு" என்றார்.

அம்மா அந்த மாலையைச் சாமி படத்துக்குப் போடாமல் என் படத்துக்குப் போட்டுவிட்டாள். உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடலாமா என்று வீட்டில் பெரிய கலகம். எனக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதன்பின் சாலை மறியல் வந்தது. உங்களில் பலர் பிறக்கவே இல்லை. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எல்லாத் திசையிலும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. அந்த நாட்களில் நடந்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஏழைகளின் குடிசைகள் எரிந்த ஊர்களும் உண்டு, அதற்கு என் பக்கத்து மனிதர்களோடு சேர்ந்து நானும் வெட்கப்படுகிறேன். ஆனால் கோரிக்கை என்ன என்றால், எங்கள் பிள்ளைகளுக்கும் படிக்கத் தனியாக ஓர் இடம் கொடு என்பதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மலை மேல் எங்களுக்கு வந்த சங்கடம் வேறு. எங்கள் கேமரா எப்போதும் உறைகுளிரில் இருக்க வேண்டும். அதற்குத் திரவ நைட்ரஜன் சேலத்திலிருந்து கேன்களில் ஜீப்பில் வரும். பாதை அடைபட்டது, நைட்ரஜன் தீர்ந்தது, கேமரா சூடேறி வேலைக்கு ஆகாமல் போனது. படம் எடுக்க வழியில்லாமல் எல்லாரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கடமை வீரனாக, கட்டுரைக்கு எடுத்த பழைய படங்களை ஒரு காலைப் பொழுதில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கொதிக்கும் சூடுள்ள ஒரு நீல நட்சத்திரத்தையும் படமெடுத்து வைப்போம். அந்தச் சூட்டில் லித்தியம் கோடு விழாது. வெள்ளைத்தாள் மாதிரி வெறுமையாக இருக்க வேண்டும். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வேறு வேலை இல்லாததால் அன்றைக்கு நான் பார்த்தேன். அந்த வெள்ளைத்தாளில், லித்தியம் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலாக ஒரு கோடு இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய நேரமே ஆகவில்லை. வேலை தொடங்கும்முன் வெறும் விளக்கு வெளிச்சத்தை ஒரு படம் எடுக்க வேண்டும், இல்லையா? கேமராவின் சொந்த அழுக்கு அதில் தெரிந்துவிடும், நட்சத்திரப் படத்திலிருந்து அதை நீக்கிவிடலாம். அந்த முறை டீசல் கம்மியாக இருந்தது, மேகம் வேறு அப்போதுதான் விலகியிருந்தது. போன மாதம் எடுத்த விளக்குப் படமே போதும் என்று நான்தான் விட்டேன். இடையில் கேமராவைக் கழற்றி மாட்டியிருந்தோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கழற்றியபோது அதன் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது. லித்தியம் கோடு எப்போதும் படத்தின் நட்டநடுவில் விழும்படிதான் நாங்கள் கருவியை வைப்போம், பந்தியில் மாப்பிள்ளைக்கு நடு இலை போடுகிற மாதிரி ஒரு மரியாதை. தூசி வந்து உட்கார்ந்ததும் அதே இலையில்தான்.

எனக்குக் காது இரண்டும் சுட்டன. முதலில் நினைவுக்கு வந்தது நட்சத்திரம் அல்ல, எதிர் மேசை. அவர் கடைசிச் சீட்டை இறக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாலம் இடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படங்களை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அவர் வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். படங்களை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முதல் ரெண்டும் தூசிதான். சந்தேகமே இல்ல" என்றார். "மூணாவது அப்படித் தெரியலையே. தூசி விழுந்த கோடு இவ்வளவு ஆழம் இல்லையே."

"தூசி ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு மாதிரி விழலாம் சார்" என்றேன். என் நட்சத்திரத்துக்கு எதிராக நானே வக்கீலாகிவிட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பொறு. ரோடு திறக்கட்டும், நைட்ரஜன் வரட்டும். கருவியை ஒரு சிட்டிகை நகர்த்தி வச்சு மூணையும் திரும்ப எடு. தூசின்னா நின்ன இடத்துலயே நிக்கும். லித்தியம்னா கூடவே நகர்ந்து வரும். அப்புறம் எழுது."

"அதுக்குள்ள கட்டுரை அச்சாகிடும் சார்."

"ஆகட்டுமே. அப்புறமா ஒரு திருத்தம் போட்டா போச்சு. எல்லாரும் போடறதுதானே."

"எல்லாரும் போடலாம் சார். நான் போட முடியாது."

அவர் பல் குத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். மலைக்காரர்கள் கடுக்காய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு, அதில். கள்ளக்குறிச்சி தந்தி ஆபீசுக்குப் போய், நகரத்தில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தந்தி கொடுக்க வேண்டும். அவர்கள் இதழுக்குத் தகவல் அனுப்பிக் கட்டுரையை நிறுத்துவார்கள். யாரோ கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே என்னை அடித்துக்கொண்டுவிட வேண்டும். அந்த ஒரு வெறியில் கால் வலிகூடத் தெரியவில்லை.

கச்சிராயப்பாளையத்தில் என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டார். மரம் கிடந்த இடங்களில் மறியல்காரர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப்பக்கம் வைத்தார்கள். கள்ளக்குறிச்சிக்குள் நுழையும் முக்கில் பெரிய கூட்டம். வெட்டிப்போட்ட மரத்தின் மேல் ஏழுமலை மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். குழாய் இரண்டும் மாட்டு வண்டியில் கட்டியிருந்தது.

"எடம் குடுத்துப் பாருங்க, எங்க புள்ளைங்க இன்னா பண்ணும்னு" என்று அவர் குரல் அந்த ரோடு முழுக்க முழங்கியது. "தோ, இந்த மலை மேல குந்திக்கினு ஒரு புள்ள நட்சத்திரத்தையே அளந்துக்கினு இருக்குது. யாரு? நம்ம சங்கராபுரத்து வெவசாயி மவன். அதுக்கு எடம் குடுக்காட்டி யாருய்யா பார்த்திருப்பா அந்த நட்சத்திரத்த?"

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "அட, தோ வந்துக்கினு இருக்குது பாருங்க, அந்தப் புள்ள!"

எழுநூறோ எண்ணூறோ, அத்தனை தலையும் திரும்பியது. தட்டினார்கள். என்னைக் கைலாகு கொடுத்து மரத்தின் மேல் ஏற்றினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் என் அப்பா துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வரவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு என்னை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வார்த்த பேசு தம்பி" என்று ஏழுமலை மைக்கை நீட்டினார்.

என் சட்டைப்பையில் தந்தி வாசகம் எழுதிய துண்டுத்தாள் இருந்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அண்ணே, அவசரமா ஒரு தந்தி குடுக்கணும், வுடுங்கண்ணே" என்றேன்.

"தந்தியா? நட்சத்திர சமாச்சாரமா?"

"ஆமாண்ணே."

அவர் மைக்கை வாங்கினார். "வழி வுடுங்கப்பா. தம்பி ஃபாரினுக்கு நட்சத்திர சேதி அனுப்பப் போவுது. யாரும் நிறுத்தாதீங்க."

கூட்டம் இரண்டாகப் பிளந்து எனக்கு வழிவிட்டது. ஊரே கதவடைத்துக் கிடந்த நாளில், ஒரு ஜட்ஜு போனாலும் நகராதவர்கள் எனக்காக மரக்கிளையை இழுத்துப் போட்டார்கள். அவர்கள் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியை அழிப்பதற்காக நான் போய்க்கொண்டிருந்தேன். அந்த நடையை நினைத்தால் இத்தனை வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தந்தி ஆபீஸ் பாதிக் கதவு திறந்திருந்தது. 'மூன்றும் தவறு. கட்டுரையை நிறுத்தவும். அறிவிப்பையும் திரும்பப் பெறுகிறேன்.' அவ்வளவுதான் வாசகம். மூன்றும் என்று எழுதினேன். இரண்டு என்று எழுதியிருக்கலாம். மூன்றாவதைப் பற்றி இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கலாம். ஆனால் அரைகுறையாக வாபஸ் வாங்கினால் எதையோ பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்பார்களே என்று தோன்றியது. முழுசாக முக்காடு போட்டுக்கொண்டால் முகத்தை யாரும் தேட மாட்டார்கள் என்பது என் கணக்கு.

திரும்பி வரும்போது முக்கில் பொட்டலச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை எனக்கும் ஒரு புளிசாதப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கவில்லை. அவரைத் தனியே வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்த நட்சத்திரத்தப் பத்தி இனிமே மைக்ல சொல்லாதீங்க. நான் பார்த்தது தப்பு. கேமராவுல இருந்த தூசியைப் பார்த்துட்டு லித்தியம்னு சொல்லிட்டேன். தப்புன்னு இப்பதான் தந்தி குடுத்துட்டு வரேன்."

அவர் பொட்டலத்தைத் திரும்ப மடித்தார்.

"நீ தந்தி குடுக்கப் போவ நம்ம ஆளுங்கதான மரத்த இழுத்து வழி வுட்டானுங்க?"

"ஆமாண்ணே."

"யாராச்சும் தப்புன்னு சொல்லி உன்னப் புடிச்சாங்களா?"

"இல்லண்ணே. நானேதான் பார்த்தேன்."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்த வெயில்ல ஓடியாந்த? நாலு நாளு பொறுத்து, நல்லாப் பார்த்துட்டுக் குடுக்கக்கூடாதா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அவனவன் புள்ள தப்பு பண்ணா, புள்ள தப்பு பண்ணிட்டான்றான். நம்ம புள்ள பண்ணா மட்டும் எல்லாரையும் சேத்துப் பேசுவான்னு பயந்துட்ட, அதான? அந்தப் பயம் இல்லாத பண்றதுக்குத்தான்டா இங்க குந்திக்கினு கெடக்கறோம்."

அவர் போய் மைக்கை எடுத்தார். அதற்கப்புறம் நட்சத்திரப் பேச்சை எடுக்கவே இல்லை.

மலைக்குத் திரும்பினால் அங்கே எனக்கு ஏச்சு இல்லை, பாராட்டு. அதுதான் கொடுமை. எதிர் மேசை நண்பர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். தலைமை அலுவலகத்திலிருந்து 'ஆராய்ச்சியாளனுக்கு இருக்க வேண்டிய நேர்மை' என்று எழுதி அனுப்பினார்கள். பல வருஷம் புதிதாக வருகிறவர்களுக்கு என்னை உதாரணமாகக் காட்டினார்கள். நேர்மையாவது வெங்காயமாவது. பயந்துபோய்ச் செய்ததை நேர்மை என்று பெயர் வைத்து என் கழுத்தில் மாட்டினார்கள், நானும் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

தலைவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பாதை திறந்தது, நைட்ரஜன் வந்தது. தூசியைத் துடைத்தோம். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "அந்த மூணாவதை எடுத்தியா?" என்று கேட்டார். எடுக்கிறேன் சார் என்றேன். அடுத்த மாதமும் கேட்டார். எடுக்கிறேன் சார். என் முறை வரும்போதெல்லாம் அந்த நட்சத்திரம் மேற்கே இறங்கும்வரை வேறு ஏதாவது வேலையை இழுத்து வைத்துக்கொள்வேன். அவரே எடுத்திருக்கலாம், கையெட்டும் தூரம்தான். எடுக்கவில்லை. அது என் நட்சத்திரம், நான்தான் எடுக்க வேண்டும் என்று காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஓய்வு பெற்றுப் போகும் நாளிலும் என்னிடம் அதைத்தான் கேட்டார். அவர் காலமான பிறகு கேட்க ஆள் இல்லை.

பல வருஷம் கழித்து, எதிர் மேசை நண்பர் ஒரு வெளிநாட்டு இதழைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். பெரிய தொலைநோக்கியில் எடுத்த படம். என் மூன்றாவது நட்சத்திரம். கிணறு மாதிரி ஆழமாக லித்தியம் கோடு. கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: இந்த நட்சத்திரத்தில் லித்தியம் மிகுந்திருப்பதாக முன்பு அறிவித்தவர் பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பக்கத்தில் என் பெயர்.

"உன் நட்சத்திரம்பா இது" என்றார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். "அப்ப ஏன் அப்படி அவசரப்பட்டே?"

"பாலம் இடிஞ்சு விழுந்துடுமேன்னுதான்" என்றேன்.

"எந்தப் பாலம்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. அவர் மறந்துபோன பாலத்தை இத்தனை வருஷமும் நான் தலையில் சுமந்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, என்னை நினைத்துத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

தம்பிகளா, தங்கைகளா, தப்பு செய்யாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. செய்வீர்கள். விளக்குப் படத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுங்கள் என்று சொல்வேன், அதையும் ஒரு நாள் விடுவீர்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த நாளைப் பற்றி. தப்பு தெரிந்ததும் காது சுடும் பாருங்கள், அந்தச் சூட்டோடு எதையும் எழுதாதீர்கள். அப்போது பொய்யைக் காப்பாற்றவும் தோன்றும், உண்மையைக் கொல்லவும் தோன்றும். இரண்டாவதைச் செய்தால் ஊர் உங்களைப் பாராட்டும், அதனால் அதுதான் ஆபத்து. உங்களில் யாராவது, எங்கிருந்து வந்தோம் என்பதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி. உங்கள் தப்புக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அதற்கு மேல் சுமக்கச் சொன்னால் கீழே போட்டுவிடுங்கள்.

அந்த இதழைப் படித்த வாரம் நான் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அப்பா அப்போது இல்லை. சொல்வதற்கு எனக்கு மிஞ்சியிருந்தது ஏழுமலை அண்ணன் மட்டும். கடை அதே சந்தில் இருந்தது. குழாய்கள் போய்ப் பெரிய பெரிய கறுப்புப் பெட்டிகள் வந்திருந்தன. அவருக்குக் காது மந்தமாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன். அந்த மூன்றில் ஒன்று நிஜம், நான் அவசரப்பட்டு இல்லை என்று தந்தி கொடுத்துவிட்டேன், இப்போது வேறு யாரோ பார்த்து உண்டு என்று எழுதிவிட்டார்கள் என்று.

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினார்.

"அப்ப நாங்க மைக்ல சொன்னது நெஜந்தான்?"

"நெஜந்தாண்ணே."

"நாங்க அன்னிக்கே சொன்னோம் தம்பி" என்றார். "நீதான் இல்லன்னுட்ட."